கவுன்ட்டர் வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம். கல்லூரி மாணவர்கள், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து வருபவர்கள், ஆரணியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்கள் என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்துவிடுவோம். ஆட்டம் நின்று குரல் உயர்ந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வழக்குதான்: கவுன்ட்டர் (எதிராளி போடும் கார்டை, அதாவது மந்திரத்தைத் தடுக்கும் கார்டு) போட்டேன், செல்லவில்லை, போட நினைத்தேன், விடவில்லை.

திரும்பத் திரும்பத் தீர்த்த இந்தச் சிக்கல்களை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் மேசையில் நடந்தது எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும். ஆட்டத்தைப் பின்னுக்கு நகர்த்துவதும் டெக்கில் (நாம் ஆடும் கார்டுக் கட்டில்) கார்டு மாற்றுவதும் கடைசியில் வரும்.

இரண்டே சொற்கள் தெரிந்திருந்தால் போதும். பிரையாரிட்டி என்றால் இந்த நொடியில் செயல்படும் உரிமை யாருக்கு என்பது. ஸ்டாக் என்றால் போட்டு முடித்தும் இன்னும் நிறைவேறாதவை காத்திருக்கும் அடுக்கு. அதில் கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

எல்லோரும் கையை மேசையிலிருந்து எடுங்கள். கார்டு எடுக்காதீர்கள், கலைக்காதீர்கள், லேண்டுகளை (சாய்த்து மானா என்ற செலவுச் சக்தி எடுக்கும் கார்டுகளை) நிமிர்த்தாதீர்கள். சண்டை தொடங்கியபோது மேசை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் பத்தில் ஒன்பது பிழைகளை நீங்களே சரிசெய்துவிடலாம்.

அறிகுறி 1: “நான் கவுன்ட்டர் போடுவதற்குள் அடுத்ததைச் செய்துவிட்டார்”

எங்கள் அறையில் அதிகமாக வருவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற கோடையில் நடந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் கார்டு உறைகள் விரலில் ஒட்டிக்கொண்ட ஒரு மதியம். கல்லூரித் தம்பி ஒருவன் ஐந்து லேண்டுகளைச் சாய்த்து மல்டிரிஃப்டரைப் போட்டான். களத்துக்கு வந்ததும் இரண்டு கார்டு எடுக்கத் தரும் கிரியேச்சர் (சண்டையிடும் உயிரி வகைக் கார்டு) அது. எதிரே இருந்த ஆரணிக்காரரிடம் இரண்டு நீல லேண்டுகள் நிமிர்ந்திருந்தன; கையில் கவுன்ட்டர்ஸ்பெல். அவர் “சரி” என்றார். தம்பி உடனே இரண்டு கார்டுகளை எடுத்துக் கையில் சேர்த்துவிட்டான். அதே மூச்சில் அவர், “இருப்பா, அதற்குக் கவுன்ட்டர்” என்றார்.

“அண்ணா, நீங்கள்தானே சரி என்றீர்கள்?”

“சரி என்றால், என்ன போட்டாய் என்று பார்த்துக்கொண்டேன் என்று பொருள்.”

இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நம் பேச்சில் ‘சரி’ இரண்டு வேலை செய்கிறது. தொலைபேசியில் மறுமுனைக்காரர் பேசப் பேச நாம் “சரி… சரி…” என்பது சம்மதம் அல்ல, காது கொடுத்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம். கடைக்காரர் விலை சொல்லி நாம் சரி என்றால் வியாபாரம் முடிந்தது. பிரையாரிட்டி நடுவே இந்தச் சொல் விழுந்தால் போட்டவர் ஒரு பொருளில் கேட்பார், சொன்னவர் வேறு பொருளில் சொல்லியிருப்பார். “ம்”, “ஓகே” இரண்டுக்கும் இதே கதிதான்.

*காரணம் 1: சொல்.* மேசையில் ‘சரி’யை நிறுத்திவிட்டோம். மந்திரம் போட்டவர் “ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: யோசிப்பதானால் “இருங்கள்”, ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் “விட்டேன்”. இந்த இரண்டையும் எப்படிக் காதில் வாங்கினாலும் குழப்பம் வராது. மாற்றிய பிறகு இந்த வகைச் சண்டை எங்களிடம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

*காரணம் 2: கார்டை வைக்கும் இடம்.* மந்திரத்தை நேராகத் தன் பக்கக் களத்தில் வைத்தால் அது வந்து சேர்ந்துவிட்டது போலத் தெரியும். நாங்கள் மேசை நடுவில் ஒரு கைக்குட்டையை விரித்து வைக்கிறோம். எந்த மந்திரமானாலும் முதலில் கைக்குட்டை மேல்தான் வைக்க வேண்டும். “விட்டேன்” காதில் விழுந்த பிறகே களத்துக்கோ கிரேவ்யார்டுக்கோ (முடிந்த கார்டுகளின் குவியலுக்கோ) நகரும். கைக்குட்டை மேல் இருப்பது இன்னும் நடக்கவில்லை என்பதைப் புதிதாக வருபவர்கூடச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்.

*காரணம் 3: வேகம்.* சிலர் போட்டு, எடுத்து, தாக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். அவர்கள் வேகமாக ஆடியதால் உங்கள் உரிமை போய்விடாது. மந்திரம் போட்டவர் பிரையாரிட்டியை விட்டு, நீங்களும் விட்ட பிறகுதான் அது நிறைவேறும். உங்களுக்கு முறை வரவே இல்லையென்றால், “அந்த மந்திரம் ஸ்டாக்கில் இருந்த இடத்துக்குத் திரும்புவோம்” என்று தயங்காமல் கேளுங்கள்.

*சோதனை.* பின்னுக்குப் போக முடியுமா என்பதற்கு ஒரே கேள்வி: மறைந்திருந்த கார்டு ஏதேனும் வெளிப்பட்டதா? இல்லையென்றால் எல்லாவற்றையும் அந்த இடத்துக்குத் திருப்பி, கவுன்ட்டரிலிருந்து ஆட்டத்தைத் தொடருங்கள். எடுத்த கார்டு இன்னும் கையில் சேராமல் மேசையில் கவிழ்ந்தே இருந்தால் மேலே திருப்பி வைத்துவிடலாம். கையில் கலந்துவிட்டால் எது புதிது என்பது எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். அன்று அப்படித்தான் ஆனது. மல்டிரிஃப்டர் களத்தில் நிற்கட்டும் என்று தீர்த்தேன். ஆரணிக்காரருக்கு அது வருத்தம்தான். கவுன்ட்டர்ஸ்பெல் அவர் கையிலேயே தங்கியது மட்டும் ஆறுதல்.

*நடுவர் எப்போது?* கார்டு கையில் கலந்த பிறகும், டெக் கலைக்கப்பட்ட பிறகும், பரிசுள்ள போட்டியில் எப்போதும்.

அறிகுறி 2: “கவுன்ட்டர் போட்டேன், செல்லாது என்கிறார்கள்”

*உங்கள் கார்டை உரக்கப் படியுங்கள்.* பாதிச் சிக்கல் இங்கேயே தீரும். கவுன்ட்டர்ஸ்பெல் எந்த மந்திரத்தையும் தடுக்கும். நெகேட் கிரியேச்சர் மந்திரத்தைத் தொடாது. எசன்ஸ் ஸ்காட்டர் கிரியேச்சர் மந்திரத்தை மட்டுமே தொடும். இரண்டும் நீலம், இரண்டுக்கும் இரண்டு மானா, அவசரத்தில் மாறிவிடும். ஆர்ட்டிஃபாக்ட் (கருவி வகைக் கார்டு) கிரியேச்சரும் கிரியேச்சர்தான். அதன்மேல் நெகேட் செல்லாது.

*எதிரில் இருப்பது மந்திரமா?* லேண்டை வைப்பது மந்திரம் போடுவது ஆகாது. அது ஸ்டாக்குக்கே வராது. அதற்கு எதிர்வினையும் கிடையாது. களத்தில் ஏற்கெனவே இருக்கும் கார்டின் திறனும் மந்திரம் அல்ல. திறனைத் தடுக்க ஸ்டைஃபிள் போன்ற கார்டு வேண்டும். டிஸ்அலவ் என்ற கார்டு மந்திரம், திறன் இரண்டையும் தடுக்கும்.

*ஏற்கெனவே நிறைவேறிவிட்டதா?* இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குளோன் போன்ற கார்டு எந்தக் கிரியேச்சரை நகலெடுக்கும் என்பது போடும்போது முடிவாவதில்லை, களத்துக்கு வரும்போதுதான் முடிவாகிறது. “எதை நகலெடுக்கிறாய்?” என்று கேட்டுப் பதிலையும் வாங்கிக்கொண்டு கவுன்ட்டர் போட வந்தால் நேரம் கடந்துவிட்டது. தடுப்பதானால் விடை தெரியாமலே தடுக்க வேண்டும். போட்டவரே முந்திக்கொண்டு “இதை நகலெடுக்கிறேன்” என்று அறிவித்துவிட்டால் நீங்கள் தாராளமாக எதிர்வினை செய்யலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால், போட்டி விதிப்படி அவர் சொன்ன சொல்லிலேயே நிற்க வேண்டும்.

*தடுக்க முடியாத மந்திரமா?* சுப்ரீம் வெர்டிக்ட், அப்ரப்ட் டிகே போன்றவற்றில் தடுக்க முடியாது என்று அச்சிட்டே இருக்கும். அதன்மேல் கவுன்ட்டர் போடுவதற்குத் தடை இல்லை. போட்டாலும் எதுவும் ஆகாது, உங்கள் கார்டுதான் போகும். கார்டில் அந்த வரி இல்லாவிட்டால் அவர் சாய்த்த லேண்டுகளைப் பாருங்கள். கேவர்ன் ஆஃப் சோல்ஸ் (சொன்ன இனக் கிரியேச்சரைத் தடுக்க முடியாததாக்கும் மானா தரும் லேண்ட்) இருந்தால் எந்த இனத்தைச் சொல்லி வைத்தார், இந்தக் கிரியேச்சருக்கு மானா அந்த லேண்டிலிருந்துதான் வந்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

இதற்கு மருந்து கார்டு மாற்றுவதுதான். அன்சப்ஸ்டான்ஷியேட் மந்திரத்தை உரியவர் கைக்கே திருப்பி அனுப்பும். மைண்ட்பிரேக் டிராப் ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடும். இரண்டும் ‘கவுன்ட்டர்’ செய்வதில்லை என்பதால் தடுக்க முடியாத மந்திரத்தின் மேலும் வேலை செய்யும்.

*ஸ்பிளிட் செகண்ட் உள்ளதா?* ஆர்ட்டிஃபாக்டை அழிக்கும் குரோசன் கிரிப் போன்றது ஸ்டாக்கில் இருக்கும்வரை யாரும் மந்திரம் போட முடியாது. மானா தரும் திறன் தவிர வேறு திறனையும் இயக்க முடியாது. எதிரியிடம் பச்சை உட்பட மூன்று மானா நிமிர்ந்து நின்றால், உங்கள் ஆர்ட்டிஃபாக்டின் திறனைப் பயன்படுத்த வேண்டுமானால் முன்கூட்டியே பயன்படுத்திவிடுங்கள்.

அறிகுறி 3: “மந்திரத்தைத் தடுத்துவிட்டேன், ஆனாலும் விளைவு வந்துவிட்டது”

தடுத்த கார்டில் “இதைப் போடும்போது” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திறன் மந்திரத்திலிருந்து பிரிந்து ஸ்டாக்கில் அதன் மேலேயே தனியாக ஏறி நிற்கும். ‘உலாமாக், தி சீஸ்லெஸ் ஹங்கர்’ என்ற பத்து மானாப் பூதத்தைத் தடுத்தாலும், போட்ட கணத்திலேயே எழுந்த திறன் உங்கள் இரண்டு பெர்மனென்ட்களை (களத்தில் நிற்கும் கார்டுகளை) கொண்டு போய்விடும்.

பிளட்பிரெய்ட் எல்ஃபில் உள்ள கேஸ்கேட் (டெக்கிலிருந்து இன்னொரு மந்திரத்தை இலவசமாகப் போடத் தரும் திறன்) இதே வகை. இங்கே பொறுமைக்குப் பலன் உண்டு. எல்ஃபைக் கண்டதும் கவுன்ட்டரை வீசாதீர்கள். கேஸ்கேட் நிறைவேறட்டும், டெக்கிலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த இரண்டாவது மந்திரம் ஸ்டாக்கில் ஏறியதும் உங்களுக்கு முறை வரும். எல்ஃப் நிறைவேறும் முன் மறுபடியும் வரும். கையில் ஒரே கவுன்ட்டர் என்றால் இரண்டில் எது ஆபத்தோ அதற்குச் செலவிடலாம். எங்கள் அறையில் இது தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

ஸ்டார்ம் (போடும்போதே மந்திரத்துக்கு நகல்கள் உண்டாக்கும் திறன்) உள்ள கிரேப்ஷாட்டைத் தடுத்தால் மூல மந்திரம் மட்டுமே போகும், நகல்கள் நிற்கும். ஸ்டார்ம் திறனையே ஸ்டைஃபிளால் அடிக்கலாம்; அல்லது தானும் நகலெடுத்துக்கொள்ளும் ஃப்ளஸ்டர்ஸ்டார்ம் வேண்டும்.

விளைவு போலத் தோன்றுவது உண்மையில் செலுத்திய விலையாகவும் இருக்கலாம். வில்லேஜ் ரைட்ஸ் போட ஒரு கிரியேச்சரைப் பலி கொடுக்க வேண்டும். அது போடும் விலை. மந்திரத்தைத் தடுத்தால் இரண்டு கார்டு கிடைக்காது, பலியான கிரியேச்சரும் திரும்பாது. பலி கொடுப்பதற்கு நடுவே புகுந்து “அதற்குள் அதைக் கொல்கிறேன்” என்று சொல்லவும் முடியாது.

அறிகுறி 4: “கிரியேச்சரையே கொன்றுவிட்டேன், அதன் திறன் மட்டும் எப்படி நடந்தது?”

திறன் ஸ்டாக்கில் ஏறிய பிறகு, அது புறப்பட்ட இடத்தை நம்பி இருப்பதில்லை. புரோடிகல் சார்சரரைச் சாய்த்து உங்கள்மேல் ஒரு சேதம் என்று அறிவித்த பின் சேதம் தரும் லைட்னிங் போல்ட்டை அவன்மேல் போட்டால் அவன் சாவான், சேதமும் வரும். வில்லாளியை வீழ்த்திவிட்டாலும் விட்ட அம்பு வந்தே தீரும். கொல்ல நினைத்தால் அவன் திறனை இயக்கும் முன் கொல்ல வேண்டும்.

குறிபார்த்த இலக்கைக் கொன்றால் கதை வேறு. கிரியேச்சர்மேல் பலம் கூட்டும் ஜயன்ட் குரோத் போடும்போது அந்தக் கிரியேச்சரை போல்ட்டால் எரித்துவிட்டால், ஒரே இலக்கும் போய்விட்டதால் குரோத் நிறைவேறாமலே கிரேவ்யார்டுக்குப் போகும். கார்டில் இலக்கு என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

லானோவர் எல்வ்ஸைச் சாய்த்து மானா எடுப்பதற்கு எதிர்வினையே இல்லை. மானா தரும் திறன் ஸ்டாக்குக்கு வராது.

அறிகுறி 5: “பிளேன்ஸ்வாக்கர் வந்ததும் போல்ட் அடிக்க இருந்தேன், வாய்ப்பே வரவில்லை”

பிளேன்ஸ்வாக்கர் என்பது களத்தில் நின்று லாயல்டி என்ற தன் திறன்களை இயக்கும் கார்டு வகை. வாய்ப்பு இல்லைதான். ஏதாவது நிறைவேறி முடிந்ததும் பிரையாரிட்டி முதலில் யாருடைய டர்னோ அவருக்கே போகும். அவர் உடனே லாயல்டி திறனை இயக்கிவிடலாம். அது ஸ்டாக்கில் இருக்கும்போது நீங்கள் போல்ட் போடலாம். பிளேன்ஸ்வாக்கர் செத்தாலும் இயக்கிய திறன் நடக்கும். முழுவதுமாகத் தடுக்க விரும்பினால், அது கைக்குட்டை மேல் இருக்கும்போதே கவுன்ட்டர் செய்ய வேண்டும்.

அறிகுறி 6: “கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் போட்டார்; யாருடையது செல்லும் என்று தெரியவில்லை”

கைக்குட்டை மேல் கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்று விலக்கி வையுங்கள், பெயர்கள் தெரியும்படி. கீழே மந்திரம், அதன்மேல் உங்கள் கவுன்ட்டர்ஸ்பெல், அதன்மேல் அவருடைய கவுன்ட்டர்ஸ்பெல். இருவரும் “விட்டேன்” என்றதும் மேலே இருப்பதை மட்டும் எடுத்து நிறைவேற்றுங்கள். உங்கள் கவுன்ட்டர் கிரேவ்யார்டுக்குப் போகும். மந்திரம் இன்னும் அங்கேயே இருக்கும்.

இங்கேதான் பலரும் கையை எடுத்துவிடுகிறார்கள். மந்திரம் நிறைவேறும் முன் இருவருக்கும் இன்னொரு முறை பிரையாரிட்டி வரும். உங்களிடம் இரண்டாவது கவுன்ட்டர் இருந்தால் இப்போதும் போடலாம். எதிராளி மூன்று மானா கட்டாவிட்டால் மட்டுமே தடுக்கும் மானா லீக்கிலும் இதுவே வழி. மூன்று மானா கட்டுகிறாரா என்று முதலில் பாருங்கள். கட்டி முடித்து லேண்டுகள் சாய்ந்த பிறகு அடுத்த கவுன்ட்டரை எடுங்கள். இரண்டையும் சேர்த்து வீசினால் ஒன்று வீணாகலாம்.

தன் மந்திரத்துக்குத் தானே எதிர்வினை செய்ய விரும்புபவர், போடும்போதே பிரையாரிட்டியை விடவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட்டதாகவே போட்டிகளில் கொள்வார்கள்.

அறிகுறி 7: நான்கு பேர் ஆட்டத்தில் “நீ போடுவாய் என்று இருந்தேன்”

கமாண்டர் என்ற, பலர் சேர்ந்து ஆடும் வகையில் தினமும் நடப்பது. யாருடைய டர்னோ அவரிடம் தொடங்கி, டர்ன் சுற்றும் திசையிலேயே பிரையாரிட்டியும் ஒவ்வொருவராகச் சுற்றும். வரிசை மாறி நான்காமவர் முதலில் “விட்டேன்” என்றால் இரண்டாமவருக்கு இலவசத் துப்பு கிடைத்துவிடும். விரலால் சுட்டி வரிசையாகக் கேளுங்கள்.

நீங்கள் விட்ட பிறகு உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஏதாவது போட்டால், முறை மறுபடி உங்களிடமும் வரும். அவரும் விட்டுவிட்டால் மந்திரம் நிறைவேறிவிடும். பிறகு அவரைக் கோபித்துப் பயனில்லை. கடைசியாக உட்கார்ந்திருப்பவர்மேல்தான் சுமை அதிகம், முன்னால் இருப்பவர்கள் அவரை நம்பி விட்டுவிடலாம் என்பதால்.

அறிகுறி 8: அரீனா செயலியில் கேட்காமலே தாண்டிப் போகிறது

அரீனா என்பது இதே ஆட்டத்தைத் திரையில் ஆடும் செயலி. முதலில் லேண்டுகளைப் பாருங்கள். முந்தைய மந்திரத்துக்குச் செயலி தானாகவே உங்கள் நீல லேண்டுகளைச் சாய்த்திருக்கலாம். கையிலிருப்பதைப் போட வழியில்லை என்றால் அது நிற்காமல் போய்விடும். அடுத்த முறை லேண்டுகளை நீங்களே ஒவ்வொன்றாகத் தொட்டுச் சாய்த்துவிட்டு மந்திரத்தைப் போடுங்கள். டர்னை முழுவதும் தாண்டும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்பது அடுத்த சோதனை. அப்கீப் (டர்னின் தொடக்கக் கட்டம்) போன்ற கட்டத்தில் நிற்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தின் குறியை முன்பே தொட்டு வையுங்கள். கணினியில் கன்ட்ரோல் விசை முழுக் கட்டுப்பாட்டை, அதாவது தாண்டாமல் நிற்கும் நிலையைத் தரும்.

அறிகுறி 9: பழைய கார்டில் ‘இன்டரப்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது

யாராவது அண்ணனின் பழைய பெட்டியைத் திறந்தால் இது வரும். 1993இல் வந்த கவுன்ட்டர்ஸ்பெல்லில் அப்படித்தான் இருந்தது. 1999இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு ஸ்டாக் வந்தபோது அந்த வகையே நீக்கப்பட்டது. இப்போது அதை இன்ஸ்டன்ட் (பிரையாரிட்டி வரும்போதெல்லாம் போடக்கூடிய மந்திர வகை) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் எல்லோரும் எதிர்வினை செய்யலாம்.

நடுவரைக் கூப்பிட வேண்டிய இடம்

வீட்டு ஆட்டத்தில் முதலில் அதிகாரப்பூர்வக் கார்டுத் தரவுத்தளமான கேதரர் தளத்தில் கார்டின் பெயரைத் தேடுங்கள். அந்தக் கார்டுக்கான தீர்ப்புகள் இருந்தால் அங்கேயே இருக்கும். அதிலும் தீராவிட்டால் விரிவான விதிநூலில் 117 பிரையாரிட்டி, 405 ஸ்டாக், 601 மந்திரம் போடுவது, 605 மானா தரும் திறன்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் தேடாதீர்கள். இருவரும் ஏற்கும் ஒருவரைத் தீர்க்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தை நடத்துங்கள். விடையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போட்டிக்குப் போனால் இந்த வீட்டு வழக்கம் எதுவும் வேண்டாம். எதிராளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டாலும், ஆட்டத்தை நீங்களே பின்னுக்கு நகர்த்தாதீர்கள். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் யார் தவறு என்று சொல்லத் தொடங்காமல், என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: இவர் இதைப் போட்டார், நான் இந்தச் சொல்லைச் சொன்னேன், அவர் இத்தனை கார்டு எடுத்தார். ‘சரி’ என்று சொல்லியிருந்தால் ‘சரி’ என்றுதான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியது உங்கள் கையில் மறைந்திருக்கும் கார்டைப் பற்றியது என்றால், மேசையை விட்டுச் சற்றுத் தள்ளி வந்து பேசலாமா என்று நடுவரிடம் கேளுங்கள்.